ஸ்கூக்கல் ஆறு: பெயர், பொருள், பயன்பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆறு?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆறு. நீளம் சுமார் 217 கிலோமீட்டர். வடக்கே நிலக்கரி மலைகளில் பிறந்து, ரெடிங், பாட்ஸ்டவுன், நாரிஸ்டவுன் ஊர்களைத் தொட்டுக்கொண்டு தென்கிழக்காக இறங்கி, பிலடெல்பியா நகருக்குள் நுழைந்து, நகரின் தென்கோடியில் டெலவேர் ஆற்றில் கலக்கிறது. 1682இல் வில்லியம் பென் பிலடெல்பியாவைத் திட்டமிட்டபோது கிழக்கே டெலவேர், மேற்கே ஸ்கூக்கல் என இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில்தான் தெருக்களை வகுத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் படை 1777–78 குளிர்காலத்தைக் கழித்த வேலி ஃபோர்ஜ் இதன் கரையில்தான் இருக்கிறது.

பெயரை எப்படிச் சொல்வது?

ஸ்கூ-க்கல். அழுத்தம் முழுவதும் முதல் அசையில். ‘ஸ்கூ’ நீளம், ‘க்கல்’ குறுகி மங்கும். இரண்டாம் அசையில் உயிரெழுத்தே இல்லாததுபோல, க்-ல் என்று முடித்துவிடுவார்கள்.

எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் ‘ஸ்கூல்கில்’ என்பார்கள். அகராதிகள் அதையும் ஏற்கின்றன. ஆனால் பிலடெல்பியாவில் அப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். ‘ஷூயில்கில்’ எங்குமே பொருந்தாது.

தமிழ் பேசுபவர்களுக்கு இரண்டு இடங்களில் நாக்கு வழுக்கும். ஒன்று, சொல்லின் முன் ‘இ’ சேர்வது: ஸ்கூலை ‘இஸ்கூல்’ ஆக்கும் அதே பழக்கம் இதை ‘இஸ்கூக்கல்’ ஆக்கிவிடும். இரண்டு, நடுவில் வரும் ககரத்தை மெலித்து, கூகுள் என்பதில் வருவதுபோல ஒலிப்பது. இங்கே ககரம் ‘பக்கம்’ என்பதில் வருவதுபோல வல்லினமாகவே இருக்க வேண்டும்.

அப்படியானால் தமிழில் எப்படி எழுதுவது சரி?

‘ஸ்கூக்கல்’. க்க என்று இரட்டித்தே எழுத வேண்டும். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் அது தானாக மெலிந்துவிடும். ‘ஸ்கூகல்’ என்று எழுதினால் படிப்பவர் தப்பாகத்தான் படிப்பார். முதலெழுத்தில் ஸ் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ‘இசுக்கூக்கல்’ என்று எழுதுவதுண்டு. மரபுப்படி அதில் பிழையில்லை, ஆனால் அழுத்தம் விழ வேண்டிய முதல் அசை பின்னால் தள்ளிப்போகிறது. கட்டுரை முழுவதும் ஒரே வடிவத்தைக் கையாள்வது முக்கியம். ஓரிடத்தில் ஸ்கூக்கல், இன்னோரிடத்தில் ஸ்கூல்கில் என்று எழுதினால் இரண்டு ஆறுகள் என்று எண்ணிக்கொள்வார்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை நினைவில் வைப்பது எப்படி?

மொத்தம் 10 எழுத்துகள். தொலைபேசி எண்ணைப் பிரிப்பதுபோல 3, 3, 4 என்று பிரித்துக்கொள்ளுங்கள்: எஸ்-சி-எச், யு-ஒய்-எல், கே-ஐ-எல்-எல்.

பிழைகள் பெரும்பாலும் நடுத்துண்டில்தான் நேரும். காதில் விழாத எழுத்து என்பதால் முதல் எல் விடுபட்டுப்போகும். அல்லது யு-ஒய் இடம் மாறி ஒய்-யு ஆகிவிடும். கடைசியில் ஒரே எல் போடுவது மூன்றாவது பிழை. இந்தப் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது, அந்த டச்சுச் சொல்லில் ஒற்றை எல்தான். ஆங்கிலேயர் தங்கள் ‘ஹில்’, ‘மில்’ போன்ற சொற்களின் வழக்கப்படி இரட்டை எல் ஆக்கினார்கள். ஆகவே பழைய ஆவணத்தில் ஒற்றை எல் இருந்தால் திருத்த வேண்டாம், அப்படியே படியெடுங்கள்.

எழுத்துக்கும் ஒலிக்கும் ஏன் இவ்வளவு தூரம்?

எழுத்து டச்சுக்காரர்களுடையது, வாய் ஆங்கிலேயர்களுடையது.

எஸ்-சி-எச் என்பதை டச்சுக்காரர்கள் ஸகரத்தை அடுத்துத் தொண்டையில் உரசிவரும் ஒலியாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அந்த உரசல் இல்லை. அதனால் ‘ஸ்கூல்’ என்பதில் உள்ள ‘ஸ்க்’ வந்து உட்கார்ந்தது. யு-ஒய் என்பது பழைய டச்சு எழுத்துமுறை. நியூயார்க்கில் இன்னும் புழங்கும் ஸ்டைவசன்ட் என்ற பெயரிலும் இதே கூட்டைப் பார்க்கலாம். இன்றைய டச்சில் அதை யு-ஐ என்று எழுதுகிறார்கள். அதன் ஒலியும் ஆங்கிலத்தில் கிடையாது. அந்த இடத்தை நீண்ட ‘ஊ’ பிடித்துக்கொண்டது. ககரத்துக்கு முன் வரும் லகரத்தை விழுங்குவது ஆங்கிலத்துக்குப் புதிதல்ல. ‘வாக்’, ‘டாக்’ என்று நாம் சொல்லும் சொற்களின் எழுத்திலும் லகரம் இருக்கிறது, ஒலியில் இல்லை. இங்கே அடுத்த அசையிலேயே இன்னொரு லகரம் காத்திருப்பதால் முதலாவது விழுவது இன்னும் எளிது.

பெயரின் பொருள்தான் என்ன?

‘ஸ்கூய்ல்’ பகுதி ஒளிதல், ஒதுங்குதல் என்ற டச்சு வினையிலிருந்து வந்தது. இன்றைய டச்சிலும் அது உயிரோடு இருக்கிறது: குண்டுவீச்சின்போது பதுங்கும் நிலவறைக்கும், ஒளியுமிடத்துக்கும் உள்ள சொற்கள் இதிலிருந்தே பிறந்தவை. ‘கில்’ என்றால் கால்வாய், ஓடை, ஆற்றிலிருந்து பிரியும் நீர்வழி. இரண்டையும் சேர்த்தால் ஒளிந்திருக்கும் ஓடை. ‘ஒளியுமிடமான ஓடை’ என்று பொருள் சொல்பவர்களும் உண்டு; அதாவது ஓடை ஒளிந்திருக்கவில்லை, அதில் போய் ஒளியலாம் என்று. டச்சு இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பரவலாக ஏற்கப்படுவது முதல் பொருள்தான்.

ஆற்றை ஏன் ஒளிந்த ஓடை என்றார்கள்? 217 கிலோமீட்டர் ஓடுவது எப்படி ஓடையாகும்?

பெயர் வைத்தவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேட்டால் இது தெளிந்துவிடும்.

1630களில் இங்கே வந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் ஆள் ஆரன்ட் கோர்சன்தான் பெயர் சூட்டியவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இந்த வணிகர்கள் கடலிலிருந்து டெலவேர் ஆற்றில் கப்பலேறி வந்தவர்கள். ஸ்கூக்கல் வந்து கலக்கும் இடத்தில் அன்று சதுப்பும், தாழ்வான தீவுகளும், நாணலும் மண்டிக்கிடந்தன. கப்பல் தளத்திலிருந்து பார்த்தால் முகத்துவாரம் கண்ணுக்குத் தட்டாது. பக்கத்தில் வந்தால்தான் நீர்வழி ஒன்று உள்ளே போவது தெரியும். அதனால் ஒளிந்தது.

ஓடை என்றதற்கும் காரணம் உண்டு. டெலவேர் அவர்களுக்குத் ‘தெற்காறு’, ஹட்சன் ‘வடக்காறு’. ஆறு என்ற சொல்லைப் பெருவழிகளுக்கு வைத்துக்கொண்டு, அவற்றில் வந்து சேரும் நீர்வழிகளைக் ‘கில்’ என்றார்கள். மேலே எவ்வளவு தூரம் ஓடிவருகிறது என்பது கப்பலில் நின்றவருக்குத் தெரியாது.

இன்று அங்கே போனால் எதுவும் ஒளிந்திருக்காது. சங்கமத்தை மறைத்திருந்த லீக் தீவு இப்போது தீவே அல்ல. இடையிலிருந்த நீர்வழியைத் தூர்த்து நிலத்தோடு சேர்த்துவிட்டார்கள், கடற்படைத் தளமும் அங்கே எழுந்தது. பெயரின் காரணத்தைக் கண்ணால் பார்க்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

‘கில்’ என்றால் கொலை இல்லையா?

இல்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே. நியூ நெதர்லாந்து என்ற டச்சுக் குடியேற்றம் பரவியிருந்த நியூயார்க், நியூஜெர்சி, டெலவேர் பகுதிகளில் இந்தச் சொல் நூற்றுக்கணக்கில் சிதறிக்கிடக்கிறது: கேட்ஸ்கில், பீக்ஸ்கில், வால்கில், ஸ்டேட்டன் தீவைச் சுற்றியுள்ள ஆர்தர் கில், கில் வான் கல். நெதர்லாந்திலேயே டார்ட்ரெக்ட் நகரை ஒட்டி ஒரு ‘கில்’ ஓடுகிறது.

இந்தக் குழப்பம் அமெரிக்கர்களுக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஃபிஷ்கில் என்றோர் ஊர். பொருள் மீன் ஓடை. பெயர் மீன்களைக் கொல்வதுபோல் ஒலிக்கிறது, மாற்றுங்கள் என்று 1996இல் பீட்டா அமைப்பு கேட்டது. ஊர் மாற்றவில்லை. டெலவேர் மாநிலத்தில் மர்டர்கில் என்ற ஆறே இருக்கிறது. ‘தாய் ஓடை’ என்று பொருள்படும் டச்சுப் பெயரின் திரிபு என்பதே அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம்.

டச்சு படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இன்றைய டச்சில் ‘கில்’ என்பது சில்லென்ற குளிரைக் குறிக்கும் பெயரடையும்கூட. அதை வைத்து ‘குளிர்ந்த ஆறு’ என்று பொருள் கொள்ளக் கூடாது.

டச்சுக்காரர்கள் வருமுன் ஆற்றுக்குப் பெயர் இல்லையா?

இருந்தது, ஒன்றுக்கு மேலாகவே. இது லெனாப்பே மக்களின் நிலம். ‘கன்ஷோவஹன்னா’ என்பது ஒரு பெயர்: இரைந்து பாயும் நீர். ‘மனயுங்க்’ என்பது இன்னொன்று: நாம் நீர் குடிக்குமிடம். ‘ஹன்னா’ என்ற ஈறு ஆற்றைக் குறிக்கும். சஸ்குவஹன்னா, டோபிஹன்னா என்று பென்சில்வேனியா வரைபடத்தில் வேறிடங்களிலும் அதைப் பார்க்கலாம்.

வந்தவர் வைத்த பெயர் ஆற்றின் வாயில் நின்று வைத்தது. இருந்தவர்கள் வைத்தவை கரையில் வாழ்ந்து வைத்தவை. அவர்களுக்கு ஆறு ஒளிந்திருக்கவில்லை. அதன் இரைச்சலைக் கேட்டார்கள், நீரைக் குடித்தார்கள். இரைச்சலுக்குச் சான்றாக நகருக்குள் ‘ஈஸ்ட் ஃபால்ஸ்’ என்றொரு பகுதி இன்றும் இருக்கிறது. அருவி எங்கே என்று தேடிப்போகிறவர்களுக்கு எதுவும் கிடைக்காது. அங்கிருந்தது பாறைகளில் மோதிப் பாய்ந்த நீர். 1822இல் கீழே ஃபேர்மவுன்ட் அணை எழும்பியதும், தேங்கிய நீருக்கடியில் பாறைகள் மூழ்கிவிட்டன.

குடிநீர்ப் பெயர் பிழைத்துக்கொண்டது. 1824இல் கரையோரத்து ஆலை ஊர் ஒன்று மனயுங்க் என்ற பெயரை ஏற்றது. இன்று அது பிலடெல்பியாவின் ஒரு பகுதி. நகரம் இன்றைக்கும் இந்த ஆற்றிலிருந்து குடிக்கிறது. மூன்று சுத்திகரிப்பு நிலையங்களில் குவீன் லேன், பெல்மான்ட் இரண்டும் ஸ்கூக்கலிலிருந்து நீர் எடுக்கின்றன. பழைய பெயர்களில் இதுவே இன்றும் சொல்லுக்குச் சொல் மெய்யாக நிற்பது.

‘ஸ்கூக்கல் ரிவர்’ என்பது கூறியது கூறல் ஆகாதா?

பொருளைப் பார்த்தால் ஆகும்: ‘ஒளிந்த ஓடை ஆறு’. ஆனால் ‘பாலார் ரிவர்’, ‘அடையார் ரிவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நாமும் இதையே செய்கிறோம். ஆறு பெயருக்குள்ளேயே இருக்கிறது, தெரியாதவருக்காக இன்னொரு ஆறு சேர்க்கிறோம். நன்னூல் ‘ஒருபொருட் பன்மொழி’ என்று இதற்கு இடம் வைத்திருக்கிறது. மீமிசை, நடுமையம் என்பவை அதற்குக் காட்டப்படும் சொற்கள். ஆகவே தமிழில் ‘ஸ்கூக்கல் ஆறு’ என்று தயங்காமல் எழுதலாம். முதல்முறை ‘ஆறு’ சேர்த்து எழுதிவிட்டு, பிறகு வெறும் ‘ஸ்கூக்கல்’ போதும்.

பெயரை மொழிபெயர்க்க வேண்டுமென்றால்?

‘மறைந்த ஆறு’ என்று மட்டும் எழுதாதீர்கள். தமிழில் ‘மறைந்த’ என்றால் இறந்த என்று படிப்போம்; ஆறு வற்றிப்போய்விட்டது என்று தோன்றும். ‘ஒளிந்த ஓடை’ பரவாயில்லை.

இன்னும் நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது: கழி. கடல் நீர் ஏறி இறங்கும் தாழ்நிலத்து நீர்வழியை நாம் கழி, உப்பங்கழி என்கிறோம். டச்சுக் கழிமுகத்து மக்கள் ‘கில்’ என்றதும் பெரும்பாலும் இத்தகைய நீர்வழிகளைத்தான். ஸ்கூக்கலின் கடைசிப் பகுதியும் ஃபேர்மவுன்ட் அணைக்குக் கீழே ஓதம் ஏறி இறங்கும் நீர்தான். ‘ஒளிகழி’ என்றால் பொருளும் சுருக்கமும் சேர்ந்து அமைகின்றன. கில், கழி இரண்டும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல். இரண்டுக்கும் சொல்லுறவு கிடையாது, அப்படி யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

உள்ளூர்க்காரர் ‘தி ஸ்கூக்கல்’ என்றால் ஆறா, சாலையா?

பெரும்பாலும் சாலை. வேலி ஃபோர்ஜ் பக்கமிருந்து பிலடெல்பியாவுக்குள் வரும் 76ஆம் எண் விரைவுச்சாலைக்கு ஸ்கூக்கல் எக்ஸ்பிரஸ்வே என்று பெயர். நெடுந்தூரம் ஆற்றை ஒட்டியே செல்லும். ‘தி ஸ்கூக்கல் அடைத்துக்கொண்டது’ என்று வானொலியில் வந்தால் போக்குவரத்து நெரிசல். ‘ஸ்கூக்கலில் துடுப்புப் போட்டி’ என்றால் ஆறு. வண்டி, நேரம், வெளியேறும் வழி பற்றிய பேச்சா, கரை, படகு, வெள்ளம் பற்றிய பேச்சா என்று பார்த்தால் போதும்.

குறுகிய தடங்களும் வளைவுகளும் நிறைந்த அந்தச் சாலையை ஊர்மக்கள் ‘ஷ்யூர்-கில்’ என்பார்கள். கொல்வது உறுதி என்று பொருள். இங்கே மட்டும் கில் கொலைதான். இதை மொழிபெயர்ப்பவர்கள் சொல்விளையாட்டு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆற்றின் பெயரே அதுதான் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

‘ஸ்கூக்கல்’ என்று தொடங்கும் மற்றப் பெயர்கள் எவற்றைக் குறிக்கும்?

ஸ்கூக்கல் கவுன்டி 1811இல் உருவான நிர்வாகப் பகுதி. ஆற்றின் பிறப்பிடம் அங்கே, தலைநகர் பாட்ஸ்வில். நிலக்கரிப் பகுதி மக்கள் கவுன்டியைச் சுருக்கி ‘ஸ்கூக்’ என்பார்கள். ஆற்றின் இரு கிளைகள் கூடும் சிற்றூர் ஸ்கூக்கல் ஹேவன். போர்ட் கிளின்டனில் வந்து சேரும் கிளையாறு லிட்டில் ஸ்கூக்கல். அது வேறு ஆறு. ‘ஸ்கூக்கல் டவுன்ஷிப்’ இரண்டு உண்டு, ஒன்று இந்தக் கவுன்டியில், மற்றது செஸ்டர் கவுன்டியில். முகவரி எழுதும்போது கவுன்டியையும் குறிப்பிடாவிட்டால் கடிதம் மாறிப்போகலாம்.

ஸ்கூக்கல் நேவி என்பது கடற்படை அல்ல, 1858இல் தொடங்கிய துடுப்புப் படகுக் கழகங்களின் கூட்டமைப்பு. ஸ்கூக்கல் நேவிகேஷன் என்பது நிலக்கரி ஏற்றிவர 1825இல் முடிந்த 174 கிலோமீட்டர் நீர்வழி; கால்வாய்த் துண்டுகளும் அணைகட்டித் தேக்கிய ஆற்றுத் துண்டுகளும் மாறி மாறி வரும். அதே நிலக்கரியின் தூள்தான் பிறகு ஆற்றையே மேடாக்கியது. 1940களின் இறுதியில் மாநில அரசு பெருஞ்செலவில் தூர்வார வேண்டியதாயிற்று. அந்த அழுக்குக் காலத்து நினைவாகவே பிலடெல்பியாவின் குழாய்த் தண்ணீருக்கு ‘ஸ்கூக்கல் பஞ்ச்’ என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. பானம் என்று நினைத்துக் கடையில் கேட்க வேண்டாம்.

பழைய பத்திரத்தில் ‘ஸ்கூக்கல் ஐந்தாம் தெரு’ என்று இருக்கிறது. அது எங்கே?

முன்னோர் வரலாறு தேடுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 1850கள் வரை பிலடெல்பியாவின் தெருக்களை இரண்டு ஆற்றங்கரைகளிலிருந்தும் நகர நடுவை நோக்கி எண்ணினார்கள். டெலவேர் பக்கத்தில் ஓர் ஐந்தாம் தெரு, ஸ்கூக்கல் பக்கத்தில் இன்னோர் ஐந்தாம் தெரு. பிறகு எல்லாவற்றையும் டெலவேரிலிருந்தே தொடர்ச்சியாக எண்ணத் தொடங்கினார்கள்.

மாற்றும் கணக்கு எளிது: 23இலிருந்து பழைய ஸ்கூக்கல் எண்ணைக் கழியுங்கள். ஸ்கூக்கல் ஐந்து என்றால் 23 – 5 = இன்றைய 18ஆம் தெரு. ஸ்கூக்கல் எட்டு, 15ஆம் தெரு. ‘ஸ்கூக்கல் ஃபிரன்ட்’ என்பதை ஒன்று என்று கொள்ளுங்கள். அது 22ஆம் தெரு. எட்டுக்கு மேல் ஸ்கூக்கல் எண் கிடையாது. 14ஆம் தெரு இருக்க வேண்டிய இடத்தில் பிராட் தெரு இருக்கிறது.

முகவரிப் புத்தகங்களில் பெயரை எஸ்-சி-எச் என்று மூன்றெழுத்தாகச் சுருக்கியிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் 18ஆம் தெருவில் இருந்த வீட்டை 13 தெருக்கள் கிழக்கே, சுதந்திர மண்டபத்துக்குப் பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். தெரு கிடைத்த பிறகும் வீட்டெண்ணை நம்பக் கூடாது. 1857இல் வீட்டெண்களையும் மாற்றினார்கள். குறுக்குத் தெருவின் பெயர் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த முகவரிப் புத்தகங்களில் அதே ஆளின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘ஈஸ்ட் ரிவர் டிரைவ்’ என்று பழைய வழிகாட்டியில் உள்ளதே, அது நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரா?

அல்ல. ஸ்கூக்கலின் கிழக்குக் கரைச் சாலை. இன்றைய பெயர் கெல்லி டிரைவ். எதிர்க்கரையில் இருந்த வெஸ்ட் ரிவர் டிரைவ் இப்போது மார்ட்டின் லூதர் கிங் டிரைவ். படகுக் கழகங்களின் வரிசை வீடுகளைப் பார்க்க வேண்டுமானால் கெல்லி டிரைவுக்குப் போங்கள், அணைக்குச் சற்று மேலே கிழக்குக் கரையில் இருக்கின்றன. ‘மேற்கு பிலடெல்பியா’ என்று யாராவது சொன்னால் ஸ்கூக்கலுக்கு மேற்கே என்று பொருள். 30ஆம் தெரு ரயில் நிலையத்தில் இறங்கியவர் நகர நடுவுக்கு வர ஆற்றைக் கடந்தாக வேண்டும்.